மேடத்தின் கணவர்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பாய்லர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. கூடத்தின் பின்கட்டில் நீராவிக்காக நிஜமான பாய்லர் ஒன்றும் இருந்தது. அது சூடேற அரை மணி நேரமாவது ஆகும். முதலாளிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஒரு டவல் கோணலாக மடிந்திருந்தால் போதும், மூக்கு நுனி சிவந்துவிடும். ஆனால் உழைப்பாளி. இரண்டு இயந்திரங்களோடு தொடங்கி, ஊரில் பாதி ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் மேஜைத் துணியும் தன் வாசலுக்கு வரும்படி செய்துவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நமக்குத்தான் பாவம்.

அந்த ஊருக்கு இரண்டு வாய். ஒன்று ஆங்கிலம் பேசும், இன்னொன்று பிரெஞ்சு பேசும். கடைக்குள் நுழைந்தால் இரண்டு மொழியிலும் ஒரே மூச்சில் வணக்கம் சொல்லிவிட்டு, நீங்கள் எதில் பதில் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். மேற்கொண்டு பேச்சு அதைப் பொறுத்தது. பாய்லர் ஆங்கிலத்தில் எப்படியோ சமாளித்துவிடுவார். பிரெஞ்சு மருந்துக்கும் வராது. அவருடைய கெட்ட நேரம், பெரிய வாடிக்கையாளர்கள் எல்லாம் பிரெஞ்சுப் பக்கத்தில் இருந்தார்கள்.

அதற்குத்தான் மனைவி இருந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே பிரெஞ்சு கற்றுக்கொண்டாள். வலியில் இருப்பவர்களிடம் கற்ற மொழி என்பதாலோ என்னவோ, அவள் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் கொஞ்சம் அடங்கிவிடுவார்.

மடிப்பு மேஜைகளுக்குப் பின்னால், கண்ணாடி வைத்துத் தடுத்த பெட்டி மாதிரி ஓர் அறைதான் அலுவலகம். அதில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஃபோன். பிரெஞ்சு அழைப்பு வந்தால் மனைவி ஸ்பீக்கரைப் போடுவாள். வாடிக்கையாளர் சொல்வதைக் கணவருக்குச் சொல்வாள், கணவர் சொல்வதை வாடிக்கையாளருக்குச் சொல்வாள். ஒருநாள் பெரிய ஹோட்டல்காரர் கூப்பிட்டார். ஊரில் மூன்று ஹோட்டல்கள் வைத்திருப்பவர். அவர் கைவிட்டால் கூடத்தில் பாதி இயந்திரங்களைப் போர்வை போட்டு மூட வேண்டியதுதான்.

“என்னவாம்?” என்றார் பாய்லர்.

“மேஜைத் துணி ரெண்டு ஓரத்துல கிழிஞ்சு வந்திருக்காம்ங்க.”

“அவன் ஆளுங்க இழுத்துக் கிழிச்சிருப்பானுங்க. நம்ம தப்பில்லன்னு சொல்லு.”

மனைவி ஃபோன் பக்கம் குனிந்து பேசினாள். பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு பெருமூச்சு, ஓர் “ஓ லா லா”, கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தப் பக்கம் ஹோட்டல்காரரும் சிரித்தார்.

“என்ன சொன்ன இவ்வளவு நேரம்?”

“நீங்க சொன்னதத்தாங்க.”

“நான் சொன்னது ரெண்டு வார்த்தை.”

“பிரெஞ்சுல கொஞ்சம் நீளமா வரும்.”

இதை எத்தனை நாள்தான் ஒருவர் நம்புவார்? தான் ஊசியாகச் சொல்வதை இவள் பஞ்சில் பொதிந்து கொடுக்கிறாள், விட்டுக்கொடுக்கிறாள், யாருக்குத் தெரியும், இலவசமாகவே துவைத்துத் தருகிறாளோ என்னவோ என்று பாய்லருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஹோட்டல்காரரோடு செய்துகொண்ட வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. இந்த முறை சலவைக் கூலியை ஏற்றியே ஆக வேண்டும். அந்தப் பேச்சும் இவள் வாய் வழியாகப் போனால் என்ன ஆகும்?

“என் பேச்ச என் வாயால பேசணும்டா,” என்றார் மைத்துனனிடம். மனைவியின் தம்பி, கூடத்தின் வேனை ஓட்டுபவன்.

“அதுக்கு அக்காகிட்டயே கத்துக்கலாமே மாமா?”

“திருடனப் பிடிக்கத் திருடன்கிட்டயேவா பாடம் கேப்பாங்க?”

மைத்துனன் கியரை மாற்றினான். அக்காவைத் திருடி என்றவரிடம் சண்டை போடலாம்தான். ஆனால் சம்பளமும் அவரிடம்தானே இருக்கிறது!

முதலில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தார். ‘தொழில்முனைவோருக்கான பிரெஞ்சு’ என்று பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் நாள் ஆசிரியை, “நீங்கள் கடற்கரைக்குப் போகிறீர்கள், பையில் என்னென்ன எடுத்துப் போவீர்கள்?” என்று கேட்டார். பாய்லர் தான் கடற்கரைக்குப் போவதில்லை என்றார். ஒரு பேச்சுக்கு, என்றார் ஆசிரியை. ஒரு பேச்சுக்குக்கூடப் போவதில்லை என்றார் பாய்லர். இரண்டாம் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூரை வேலைக்காரர் அவருக்குப் பிடித்த நிறம் எது என்று விசாரித்தார். வெள்ளை என்று உண்மையைச் சொன்னார். மூன்றாம் நாள் போகவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. அலுவலக ஃபோனில் வரும் ஒவ்வோர் அழைப்பும் ‘சேவையின் தரத்தை உயர்த்தும் பொருட்டு’ பதிவாகிக்கொண்டிருந்தது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை, தரமும் உயர்ந்ததில்லை. ஒரு வருடப் பேச்சு சும்மா கிடந்தது. காசில்லாத பாடம்! கடற்கரை கிடையாது, பிடித்த நிறம் கிடையாது, முழுக்க விரிப்பும் உறையும் கறையும்தான். சலவை செய்த துணி அடுக்கும் அலமாரிகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக் கேட்க ஆரம்பித்தார். யாராவது கேட்டால் பங்குச் சந்தை நிலவரம் என்பார். புரியாத வாக்கியத்தைக் கைபேசியில் போட்டால் அது தமிழில் சொல்லிவிடும்.

முதலில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தமாகத்தான் கேட்டது. பிறகு கறை என்ற சொல் தனியாகக் காதில் விழுந்தது. பிறகு நாப்கின், நாளைக் காலை, மன்னிக்கவும். இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் புரிந்தது. தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தார்; நாக்கு வளைந்தது. மாடு வாங்கினால் கயிறும் கூடவே வருமே, அதுபோல வாக்கியத்தோடு மனைவியின் பெருமூச்சும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாவம், பிரெஞ்சு என்றாலே அப்படித்தான் மூச்சு விட வேண்டும்போல என்று அவர் எண்ணிக்கொண்டார்.

அடிக்கடி வந்த ஒரு சொல் ‘மோன் மரி’. ஏதோ துணி வகை என்று நினைத்திருந்தார். கைபேசியில் போட்டுப் பார்த்தால், ‘என் கணவர்’ என்று வந்தது. ஆகா, நம்மைத்தான் சொல்கிறாள்! நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கிழிந்த மேஜைத் துணி அழைப்பைத் தேடிப்பிடித்துத் துண்டு துண்டாகக் கேட்டார். அவர் மனைவி சொல்லியிருந்தது இது:

“என் கணவர் மிகவும் வருந்துகிறார். அந்தத் துணியை அவரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு நல்ல துணியைக் கிழிய விட்டது தன் பொறுப்பு என்கிறார். பதிலுக்கு இரண்டு இன்று மாலையே வந்துவிடும். உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்கச் சொல்கிறார்.”

முழங்காலா? அவன் முழங்கால் எக்கேடு கெட்டால் எனக்கென்ன! பாய்லர் முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. நேரே போய் ஃபோனை அவள் முன்னால் வைத்து வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் ஏறிய சூடு எங்கே போனதோ, திரும்ப உட்கார்ந்து அடுத்த அழைப்பைப் போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார்.

அந்த ‘என் கணவர்’ லேசுப்பட்ட ஆள் இல்லை. உணவகச் சமையற்காரரின் மகள் பரீட்சை என்ன ஆயிற்று என்று ஞாபகமாகக் கேட்கிறான். ஒயின் கறைக்குக் கோபித்துக்கொள்ளாமல், “கறை இல்லாத விருந்து என்ன விருந்து?” என்று நகைச்சுவை பண்ணுகிறான். தப்பு என்றால் தப்பு என்கிறான். நன்றி சொல்கிறான், மனைவியிடம்கூடச் சொல்கிறானாம்! ஓர் உணவகத்துப் பெண்மணி உருகிப்போய், “மேடம், இப்படி ஒருவர் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்,” என்றாள். மனைவி உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, “ஆமாம்,” என்றாள். அந்தக் கொஞ்ச நேர மௌனத்தைப் பாய்லர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அதைக் கைபேசியால் தமிழில் சொல்ல முடியவில்லை.

வேறு ஆண்பிள்ளை மேல் பொறாமை என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இவனோ இவருடைய சட்டையையே போட்டிருக்கிறான். அவனுக்கு அது இவரைவிடப் பொருத்தமாகவும் இருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது போல ஆயிற்று அவர் பிரெஞ்சு படித்த கதை.

சரி, அவனை ஒழிக்க ஒரே வழி, தானே நேரில் போய்ப் பேசுவது. சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்:

“ஒப்பந்தம் பேச நாளன்னைக்கு நான் மட்டும் போறேன். நீ வர வேணாம். பிரெஞ்சுலயே பேசப் போறேன்.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “எப்பங்க கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கிட்டேன்.”

“அப்படின்னா ஒண்ணு சொல்லணும். அந்த ஹோட்டல்காரரு சம்சாரம் தவறினப்போ...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இத்தனை வருஷம் சொன்னது போதும்.”

அவள் அவரையே பார்த்தாள். வீட்டிலிருந்து யாரோ திரும்பி வராத ஊருக்குக் கிளம்புவதைப் பார்ப்பவள் போல அவள் முகம் மாறிற்று. பிறகு “சரிங்க” என்று எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடம் மதியப் பந்தி முடிந்து காலியாக இருந்தது. ஒரு பணிப்பெண் மேஜைகளுக்குப் புதுத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். பாய்லர் கூடத்து இஸ்திரி, மடிப்புக் கோடு கத்தி மாதிரி நின்றது. ஹோட்டல்காரர் கைத்தடியை நாற்காலியில் மாட்டிவிட்டு எழுந்து கைகொடுத்தார். முழங்கால் உண்மையிலேயே மோசம்தான் போல.

பாய்லர் வாக்கியங்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தார். கூலி உயர்வு, நீராவிச் செலவு, துணியை முறையாகக் கையாளுவது. வாயைத் திறந்தார். முதலில் வந்தது பெருமூச்சு, அப்புறம் “ஓ லா லா”, அப்புறம் வாக்கியம், கடைசியில் அந்தச் சின்னச் சிரிப்பு. விரித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஹோட்டல்காரர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“கண்ணை மூடினால் மேடம் பேசுவது போலவே இருக்கிறது!” என்றார்.

பாய்லர் முகத்தில் அசடு வழிந்தது. தயார் செய்த வரிசை குலைந்துவிட்டது. ஹோட்டல்காரர் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார்.

“நல்லவேளை தனியாக வந்தீர்கள். என் மனைவி இறந்து அடுத்த வாரத்தோடு ஒரு வருடம். இதை உங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் தலைவைத்துப் படுத்திருந்த தலையணை உறை. நீல ஓரம் வைத்தது. வேலைக்காரர்கள் தெரியாமல் ஹோட்டல் அழுக்குத் துணியோடு உங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆகி, மேடத்தின் கைபேசிக்கே கூப்பிட்டேன். துவைத்துவிட்டால் அவள் வாசனை போய்விடுமே. நீங்கள் இயந்திரங்களை நிறுத்தி, அத்தனை அழுக்குத் துணி வண்டிகளையும் கவிழ்த்து, உங்கள் கையாலேயே தேடி எடுத்தீர்களாம். என் சொந்தப் பிள்ளைகள் செய்திருக்க மாட்டார்கள். மேடம் சொன்னபோது நான் அழுதுவிட்டேன்.”

பாய்லருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. இஸ்திரி உருளைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மனைவி கைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். நீல ஓரம் வெச்ச உறை ஒண்ணு, துவைக்காம வேணுமாம்ங்க, பாவம்ங்க, என்றாள். “ஆயிரம் உறைல ஒண்ண எவன் தேடுவான்? புதுசா நாலு குடுத்து விடு,” என்றுவிட்டு அவர் உருளையின் சூட்டைப் பார்க்கப் போய்விட்டார். அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது தலைமுடியிலும் கையிலும் ஊரார் அழுக்கு அத்தனையும் நாறியது. என்ன ஏது என்று கேட்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, “முதல்ல போய்க் குளி,” என்று மட்டும் சொன்னார்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கூலியும் நீராவியும் மறந்துபோயின. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவரிடம் இருந்த பிரெஞ்சு முழுக்க அவள் பேசியது. அதில் ‘என் கணவர்’ நூறு முறை வருவார், ‘என் மனைவி’ ஒரு முறைகூட வரமாட்டாள். நல்லவேளை, ஹோட்டல்காரர் இப்போதுதான் தன் மனைவியைப் பற்றிப் பேசியிருந்தார். அந்தச் சொல்லை அவரிடமிருந்தே கடன் வாங்கி, வாழ்க்கையில் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு பிரெஞ்சு வாக்கியம் பேசினார்.

“தேடியது நான் இல்லை. என் மனைவி.”

ஹோட்டல்காரர் புன்னகை செய்தார். “நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று மேடம் நேற்றே ஃபோனில் சொல்லிவிட்டார். ‘அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், எடுத்தால், நான் இல்லை, என் மனைவி என்பார், அவர் சுபாவம் அது’ என்றார்.”

“இல்லை, நிஜமாக. நான் வேண்டாம் என்றேன்.”

“போதும், போதும்,” என்று ஹோட்டல்காரர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். “இந்த அடக்கம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும்?”

கையெழுத்துப் போட்டார். கேட்காமலே கூலியையும் ஏற்றிப் போட்டார். வந்த காரியம் வட்டியோடு முடிந்தது. ஆனால் கையில் காகிதத்தோடு வெளியே வந்த பாய்லரின் முகம் விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி இருந்தது.

வேனில் ஏறி உட்கார்ந்து ஒப்பந்தத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“டேய், அன்னைக்கு அக்கா ஒரு தலகாணி உறையத் தேடினாளாமே, உனக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? கூடவே நின்னு தேடினேன் மாமா. நாலு ட்ராலி! ஒரு மாசம் எனக்குச் சாப்பாடு இறங்கல. ஏன், அங்க எம் பேரும் வரலியா?”

“எல்லாம் நான்தான் தேடினேனாம்.”

“அது சரி,” என்றான் மைத்துனன். “முதலாளின்னா சும்மாவா?”

கூடத்தில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி கண்ணாடி அறையில் நாப்கின்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பாய்லர் ஒப்பந்தத்தை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“உண்மையச் சொன்னேன். நம்ப மாட்டேங்குறார்.”

“எப்படிங்க நம்புவாரு? இத்தனை வருஷமா நான் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ஒரு நாள் போயி அழிச்சிட முடியுமா?”

“பதிவெல்லாம் கேட்டேன். முழங்கால், பரீட்சை, எல்லாத்தையும் கேட்டேன். எதுக்கு அப்படி ஒருத்தன உண்டாக்கி வெச்ச?”

அவள் ஒரு நாப்கினை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“முதல்ல வியாபாரத்துக்குத்தாங்க. நீங்க சொல்றத அப்படியே சொன்னா ஒரே வாரத்துல கடையச் சாத்தணும். அப்புறம் பேசப் பேச எனக்கே பிடிச்சுப் போச்சு. நாள் பூரா அவரப் பத்திப் பேசிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அங்க அவரு இருக்க மாட்டாரு. அது ஒண்ணுதான் கொஞ்சம் கஷ்டம்.” நாப்கினை அடுக்கின் மேல் வைத்தாள். “இனி அதுவும் இல்ல. நீங்கதான் பேசக் கத்துக்கிட்டீங்களே. அவருக்கு இனிமே இங்க என்ன வேலை?”

திட்டியிருந்தால் பாய்லர் திருப்பித் திட்டியிருப்பார். அதில் அவருக்குப் பழக்கம் உண்டு. இதற்கு என்ன சொல்வதென்று எந்த மொழியிலும் தெரியவில்லை.

ஃபோன் அடித்தது. மனைவி ஸ்பீக்கரைப் போட்டு, பேசுங்கள் என்று அதை அவர் பக்கம் தள்ளினாள். அந்த உணவகத்துப் பெண்மணிதான். நாப்கின்களில் உதட்டுச்சாயக் கறை போகாமலே வந்திருக்கிறது, இன்று இரவு விருந்து இருக்கிறது, என்ன செய்வேன் என்று புலம்பினாள். அத்தனையும் பாய்லருக்கு நன்றாகவே புரிந்தது. உதட்டைத் துணியில் துடைக்கிறவளிடம் போய்க் கேள் என்று வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அதை விழுங்கிக்கொண்டு ஃபோனை மனைவி பக்கமே திருப்பித் தள்ளினார்.

“நீயே சொல்லு.”

“என்னன்னு?”

“தப்பு நம்மளுது. அவ்வளவுதான்.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவர் சொன்னதை மட்டும் சொன்னாள். இரண்டு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை. பெருமூச்சு இல்லை, “ஓ லா லா” இல்லை.

அந்தப் பக்கம் பெண்மணி பதறிப்போய்க் கேட்டாள்: “மேடம், உங்கள் கணவருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?”

பாய்லர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்தாள்.

“இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்,” என்றாள் பிரெஞ்சில். “இப்போதுதான் வந்து சேர்ந்தார்.”